லுபிஷாவின் ஞாயிற்றுக்கிழமைக் கரி

எங்கள் டோபோலிட்சாவில் வண்டியை வெளியே எடுக்கிறவன் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுக்க வேண்டும். "கிளம்புறேன், எதாச்சும் வேணுமா?" அவ்வளவுதான். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் குரல் கொடுக்காமல் கிளம்புகிறவன் ஒன்று பிரசவ வலியில் துடிக்கும் மனைவியை ஏற்றிப் போகிறவனாக இருக்க வேண்டும், இல்லை மறைக்க ஏதோ இருக்கிறவனாக இருக்க வேண்டும். லுபிஷாவின் மனைவி பிசெர்காவுக்குப் பிரசவக் காலம் முடிந்து வெகு நாளாகிவிட்டது. ஆகவே அந்தக் கோடையில் ஞாயிறுதோறும் அவன் சத்தமில்லாமல் கம்பி நீட்டியபோது, ஊர் யோசிக்கவே இல்லை. நேராக முடிவுக்கு வந்துவிட்டது.

எல்லாம் அந்த வண்டியால் வந்த வினை. ஜெர்மன்காரர் ஒருவர் ஓட்டி அலுத்துப்போன டீசல் ஸ்டேஷன் வேகன். பின்கதவைத் தூக்கினால் உள்ளே ஒரு சிறிய அறையே இருக்கும். முழுக்க முழுக்கக் குடும்ப வண்டி. மூத்த மகள் கல்யாணமாகி ஆஸ்திரியாவுக்குப் போய், இளையவள் படிக்க நோவி சாத் போய், வீட்டில் குடும்பம் என்று சொல்ல இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய பிறகுதான் லுபிஷாவுக்குக் குடும்ப வண்டி வாங்கக் கொடுத்து வைத்தது. இலையுதிர் காலத்தில் குடைமிளகாய் மூட்டை ஏற்றலாம், விறகு ஏற்றலாம் என்று காரணம் சொன்னான். அதைக்கூட ஊர் மன்னித்திருக்கும். வண்டி ஆட்டோமேட்டிக் என்று தெரிந்தபோதுதான் மதுக்கடையில் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு கிளட்ச் மிதிக்காமல் ஓட்டுவது ஸ்பூனால் ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிடுவது மாதிரி.

லுபிஷா பழியை மனைவி மேல் போட்டான். பிசெர்கா ஓட்டுவதற்காகத்தான் ஆட்டோமேட்டிக் வாங்கினேன் என்றான். பிசெர்காவிடம் லைசென்ஸ் இருந்தது உண்மை. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதன் பிறகு அது அலமாரியை விட்டு இறங்கியதில்லை. கிளட்ச் என்றாலே அவளுக்குப் பயம். "கிளட்சே கிடையாது, எருமைகூட ஓட்டலாம்" என்று அவன் அவளை உற்சாகப்படுத்தினான். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வண்டி வந்து சில வாரங்களில் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. லுபிஷா அதை மெக்கானிக் தோஸாவிடம் கொண்டு போனான். இருவரும் ஒன்றாக ராணுவத்தில் உருளைக்கிழங்கு உரித்தவர்கள். தோஸா கம்ப்யூட்டர் ஒயரை வண்டியில் சொருகிப் பார்த்துவிட்டு விஷயத்தை விளக்கினான். டீசல் எரிந்தால் கரி வரும். அந்தக் கரி வெளியே போகாமல் புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நெடுந்தூரம் வேகமாக ஓடிச் சூடேறினால் பிடித்த கரி தானாக எரிந்துபோகும். ஓடாவிட்டால் அடைத்துக்கொண்டு வண்டி மூச்சுத் திணறிச் சாகும். தினமும் நூறு கிலோமீட்டர் போய் வேலை பார்த்துத் திரும்பும் ஆளுக்காகச் செய்த வண்டி அது. லுபிஷாவோ அதில் ரொட்டி வாங்கப் போகிறான். போதாக்குறைக்கு ஆட்டோமேட்டிக் வேறு. அது தானாகவே மேல் கியருக்குப் போய்ச் சோம்பேறித்தனமாக உருளுகிறது, இன்ஜின் சூடேறுவதே இல்லை.

இரண்டு வழி இருக்கிறது என்றான் தோஸா. சட்டப்படி தப்பு என்றாலும் எல்லாரும் செய்கிற வழி, ஃபில்டரை அறுத்து உள்ளே இருப்பதை வழித்தெடுத்துவிட்டு வெறும் கூட்டை மறுபடி ஒட்டுவது. இல்லாவிட்டால் வாராவாரம் ஹைவேயில் ஏறி, கியர் கம்பியை ஒரு படி கீழே இழுத்துவிட்டு, இன்ஜினை அலறவிட்டு, எங்கேயும் நிறுத்தாமல் லிபாக் டோல்கேட் வரை போய்த் திரும்புவது. நடுவில் நிறுத்தினால் எரிந்தது பாதியில் அணைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து.

லுபிஷா வேலை பார்ப்பது ஊரின் வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில். நாள் முழுக்கப் புகைக்குழாய்களுக்குள் எட்டிப் பார்ப்பது அவன் பிழைப்பு. ஃபில்டர் அறுத்த வண்டிகளை அவன் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான், கண்டுபிடித்த பிறகு முத்திரை குத்திக் கொடுத்தும் விடுவான். எங்கள் ஊரில் வாழ வேண்டுமே. ஆனால் சொந்த வண்டியில் கை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. தன் ஒரு வண்டியில் மட்டுமாவது யோக்கியனாக இருந்துகொள்வது என்ற சின்ன ஆடம்பரம் அது. மனிதனுக்கு ஆடம்பரம் எந்த ரூபத்தில் வந்தாலும் செலவு வைக்காமல் போகாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் முறைப்படி வேலியோரம் நின்று குரல் கொடுத்தான். பக்கத்து வீட்டு ராத்மிலா அக்கா இரண்டு கூடை பிளம் பழத்தோடும் மாமியாரோடும் வந்து ஏறிக்கொண்டாள். கரி எரியும் நாற்றம் வந்ததும் ஜன்னலைத் திறந்தான். திறந்த உடனே மாமியார் கழுத்தில் காற்று அடிக்கிறது என்று கூப்பாடு போட்டாள். எங்கள் பக்கம் யுத்தத்தில் செத்தவர்களைவிட ஜன்னல் காற்றில் செத்தவர்கள் அதிகம் என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஜன்னல் மூடியது. பிறகு கிழவிக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. பிறகு வழியில் ஒரு சித்தி மகள் வீடு இருந்தது, காப்பி குடிக்காமல் தாண்டிப் போனால் உறவு முறிந்துவிடும். வீடு திரும்பியபோது பிளம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தது, கிழவிக்கு மனம் குளிர்ந்திருந்தது, மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது. அடுத்த வாரம் வேறு ஆட்கள், அதே விளக்கு. மூன்றாவது வாரம், ஊர் சூப்பும் வறுத்த கோழியும் தின்றுவிட்டுக் குப்புறப் படுத்திருந்த நேரமாகப் பார்த்து, லுபிஷா யாரிடமும் சொல்லாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். லிபாக் டோல்கேட்டில் ஹைவேயை விட்டு இறங்கி, அங்கேயே வளைந்து, மறுபடி ஏறித் திரும்பினான். விளக்கு அணைந்தது.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். தனியாக, யாருக்கும் பழக்கூடை சுமக்காமல், இன்ஜின் அலற அலறப் போய் வந்தது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்குள் வரும்போது விசிலடித்துக்கொண்டே வந்தான். அவன் செய்த தப்பு என்று ஏதாவது இருந்தால் அந்த விசில்தான்.

பிசெர்கா வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருந்தாள். டோபோலிட்சாவில் தலை காட்டும் பெண்கள் அனைவரும் அங்கே தலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தலை கழுவும்போது ஒருத்தி, சாயம் ஊறும்போது இன்னொருத்தி என்று அரசல் புரசலாகச் சொன்னார்கள். சத்தமில்லாமல் போகிறான். சிரித்துக்கொண்டு வருகிறான். வண்டி வந்து நின்ற பிறகும் உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடிக் களைத்த குதிரை மாதிரி. எங்கே போனானாம்?

அவள் கேட்டாள். அவன் சொன்னான். கரி எரிக்கப் போனேன் என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரமும் கேட்டாள், அதே பதில் வந்தது. இந்த முறை சிரிக்கவில்லை. நேராகத் தோஸாவின் பட்டறைக்குப் போய் விசாரித்தாள். அவனும் கரி என்றான், ஃபில்டர் என்றான், ஒரு படி கீழே கியர் என்றான். வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி இருந்ததிலேயே இருவரும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு மேசைக்கு வந்தது, ஆனால் அவள் வரவில்லை. லுபிஷா விளக்கப் படம் எல்லாம் வரைந்து காட்டினான். வண்டியோடு வந்த ஜெர்மன் கையேட்டைத் திறந்து படத்தில் விரல் வைத்துக் காட்டினான். ஒரு தடவை என்னோடு வந்து நீயே பார் என்றும் கெஞ்சினான். நான் வந்தால் நீ எங்கே போவாயோ அங்கே போகமாட்டாய், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்டபோது அவன் கையேட்டை மூடி வைத்தான். இத்தனை வருடம் கூட வாழ்ந்த ஒருத்தி தன் ஒரு சொல்லை நம்பமாட்டேன் என்கிறாளே என்று மருகினான்.

நவம்பரில் அவர்கள் வீட்டுப் புனிதரின் நாள் வரும். எங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு, அன்றைக்கு அழைக்காமலே ஊர் வரும். வீட்டுக்காரி தன் கையால் சுட்ட ரொட்டியை வீட்டுக்காரன் விருந்தாளிகளோடு சேர்ந்து கையில் பிடித்துச் சுற்றி வெட்ட வேண்டும். அந்த ரொட்டி இல்லை என்றால் அது வீடே இல்லை என்று அர்த்தம். நாள் நெருங்கும்போது பிசெர்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"இந்த வருஷம் நான் மாவு பிசையமாட்டேன். பொய் இருக்குற வீட்ல பிசைஞ்சா உப்பாது."

"பிசெர்கா, சத்தியமா கரிதான்."

"பொம்பளைன்னா பொம்பளைன்னு சொல்லிடு. அழுவேன், ரெண்டு தட்டை உடைப்பேன், அப்புறம் தாங்கிக்குவேன். எத்தனை பேர் தாங்கலை? ஆனா கரி எரிக்கப் போறேன்னு என் காதுல பூ சுத்தாதே. அதைத்தான் தாங்க முடியலை."

லுபிஷா அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தாள். உண்மையைச் சொல்லிச் சொல்லி அவளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தாகிவிட்டது, இனியும் சொன்னால் என்ன மிஞ்சும் என்று தோன்றியது. ரொட்டியும் வேண்டும், அவளும் வேண்டும். அவன் தலையைக் குனிந்தான்.

"சரி. ஒருத்தி இருக்கா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர் என்ன என்று கேட்டாள். ஸாகோர்கா என்றான். அந்தப் பெயர் எங்கிருந்து வாயில் வந்து விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. எந்த ஊர் என்றாள். லிபாக் என்றான், அந்தச் சாலையில் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். என்ன செய்கிறாள்? பேக்கரி வைத்திருக்கிறாள். உனக்கு என்ன செய்து போடுவாள்? சீஸை அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட கிபானிட்சா, என்று மென்று விழுங்கினான்.

"என்னோடதை விட நல்லாருக்குமா?"

இதிலாவது உண்மையாக இருக்கலாம் என்று அவன் நினைத்தான். "இல்ல. உன்னோடதுதான் நல்லாருக்கும்."

அப்போதுதான் அவள் அழுதாள். சொன்னபடியே இரண்டு தட்டை உடைத்தாள். மறுநாள் மாவு பிசைந்தாள், ரொட்டி உப்பிக்கொண்டு வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலைத் தாண்டக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் போட்ட நிபந்தனை.

முடி வெட்டும் கடை வழியாக ஸாகோர்கா கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. விருந்தன்று லுபிஷாவுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே. ஆட்டோமேட்டிக் என்று சிரித்தவர்கள் அவன் கிளாஸைக் காலியாக விடவில்லை. பெண்கள் அவனை முதல் தடவையாக மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். பிசெர்காவும் தலை நிமிர்ந்து பரிமாறினாள். மன்னித்த மனைவிக்கு எங்கள் ஊரில் ஒரு தனி அந்தஸ்து உண்டு. தோஸா ஒருவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஓரமாக வந்து, "ஏன்டா, எங்கிட்டகூடச் சொல்லலை இல்ல? நானும் லூசு மாதிரி உன் பொண்டாட்டிகிட்டப் போய் ஃபில்டரு, கரின்னு உளறினேனே" என்றான். அதெல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதானே என்று லுபிஷா நினைவுபடுத்தினான். தோஸா நம்பவில்லை.

பனி விழ ஆரம்பித்தபோது மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. லுபிஷா பார்த்தும் பார்க்காதது போல் இருந்தான். ஹைவேயில் ஏறினால் ஸாகோர்காவிடம் போனதாகும். வண்டி இருமியது, ஏற்றத்தில் தயங்கியது. ஊருக்குள்ளேயே கியரைக் கீழே இழுத்துவிட்டு வட்டம் அடித்துப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. இல்லாத ஒருத்தியால் இருக்கிற வண்டி செத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் பிசெர்கா கோட்டை மாட்டிக்கொண்டு சாவியைக் கையில் எடுத்தாள். அலமாரியிலிருந்து லைசென்ஸையும் எடுத்திருந்தாள். அந்த ஸாகோர்கா முகத்தை ஒரு தடவை பார்க்கணும், சண்டைக்கு இல்லை, பார்த்துட்டு வந்துடுவேன் என்றாள். லுபிஷா எழுந்து வாசலை மறித்தான்.

"போகாதே. அங்க யாருமே இல்ல. ஸாகோர்கான்னு ஒருத்தியே கிடையாது."

"பாரு, இப்பவும் அவளைக் காப்பாத்துறே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். எருமைகூட ஓட்டலாம் என்று சொன்னவன் வாசலில் நின்று, அவள் வேலியில் உரசாமல் வண்டியை எடுப்பதைத் திருதிருவென்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டும் முன் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. கோட்டைக் கழற்றாமலே அவன் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். முதலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினாள், பிறகு பயம் போய்விட்டது. பாதி வழியில் ஏதோ கருகும் நாற்றம் வந்தது, கொஞ்ச தூரத்தில் மஞ்சள் விளக்கு அணைந்தது. லிபாக்கில் பேக்கரி இல்லை. ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல் இருக்கிறது. டோல்கேட்டில் பணம் வாங்குகிற ஆள் வண்டியைப் பார்த்ததும் கையைக் காட்டிச் சிரித்தானாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு பைத்தியக்காரன் இந்த வண்டியில் வந்து, இறங்கி, வளைந்து, அப்படியே திரும்பிப் போவான், இப்போதெல்லாம் காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்று அக்கறையாக விசாரித்தானாம்.

லுபிஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் சொன்னேனே, முதல் நாளிலிருந்தே சொன்னேனே என்று எழுந்தான். அவள் உட்காரச் சொன்னாள்.

"பொம்பளை இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். மன்னிச்சும்தான் இருந்தேன். இல்லாதவளை எப்படி மன்னிக்கிறது?"

"நீதானே நம்பலை."

"நம்பலை. அதுக்காக நீ உண்மையை விட்டுட்டுப் போயிடுவியா? தட்டு உடைச்சேன், அழுதேன், ஊரெல்லாம் என்னைப் பாத்து உச்சுக் கொட்டுச்சு. அதையெல்லாம் பாத்துக்கிட்டுச் சும்மாதானே இருந்தே?" குரலைத் தணித்துக் கேட்டாள்: "என் கிபானிட்சாதான் நல்லாருக்குன்னு சொன்னியே. எதை விட, லுபிஷா?"

அவள் கத்தவில்லை, தட்டு எதையும் உடைக்கவில்லை. அதுவே அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது. சாவியை அவள் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள், அது திரும்பச் சுவர் ஆணிக்கு வரவே இல்லை.

ஊருக்கு உண்மையைச் சொல்வதில்லை என்று பிசெர்கா முடிவு செய்தாள். கணவனை மன்னித்தவள் என்ற பெயரை விட்டுக்கொடுத்து, கரிக்காகக் கணவனோடு சண்டை போட்டவள் என்ற பெயரை வாங்க அவளுக்குப் பைத்தியமா? வண்டி மட்டும் சாகக்கூடாது என்றாள். அன்றிலிருந்து ஞாயிறு மதியம் அவளே கிளம்பினாள். தனியாக, வேலியோரம் குரல் கொடுக்காமல். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள். ஹைவேயில் உதட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று லுபிஷா கேட்க நினைத்தான், கேட்கவில்லை. கேட்கிற உரிமை தன்னிடம் இருக்கிறதா என்று அவனுக்கே சந்தேகம்.

ராத்மிலா அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பிசெர்கா எங்க போறா, தனியா?"

"கரி எரிக்க."

அக்கா கண்ணில் ஈரம் கட்டியது. "பழிக்குப் பழி எடுக்குறா போல. என்ன பண்றது தம்பி, ஆரம்பிச்சது நீதானே. மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெருக்கோடி வரை போய்விட்டது. மதுக்கடையில் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தவர்களில் தோஸாவும் ஒருவன்.

வசந்தம் வந்து நாள் நீண்டது. ஒரு ஞாயிறு பிசெர்கா வழக்கத்தைவிட வெகு நேரம் கழித்துத் திரும்பினாள். ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு வந்திருந்தாள், முடி கலைந்திருந்தது, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள். லுபிஷா வாசலிலேயே நின்றிருந்தான். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்டான்.

"கரி எரிக்க" என்றாள் பிசெர்கா, காலணியைக் கழற்றிக்கொண்டே.

எங்கள் ஊரிலேயே அந்தப் பதில் உண்மையாக இருக்கலாம் என்று அறிந்த ஒரே ஆண் லுபிஷாதான். அவனாலும் நம்ப முடியவில்லை.